பாம்பு காவல் காக்கும் கதவுகள்

சொந்த ஊர் நாகர்கோவில் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. 'திருவனந்தபுரத்துக்குப் பக்கம்' என்று சொல்லி வைப்பேன். 1956 நவம்பர் 1 வரை நாங்களும் அந்த ஊர் ஆட்சியின் கீழ்தானே, தப்பில்லை. உடனே அடுத்த கேள்வி வரும்: "அந்தப் பாம்புக் கதவைத் திறந்துட்டாங்களா?"

கேட்பவர்கள் பெரும்பாலும் ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரில் புதிர் விளையாட்டு ஆடுகிற பையன்கள். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

முதலில் கதவு. பத்மநாபசுவாமி கோவில் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தது 2011ல். மூல வழக்கைப் போட்டவர் முன்னாள் ஐபிஎஸ் அதிகாரி டி.பி. சுந்தரராஜன். ஏ முதல் எஃப் வரை ஆறு அறைகள். கிடைத்த நகைகளும் காசுகளும் லட்சம் கோடி பெறும் என்று பத்திரிகைகள் எழுதின. பி அறை மட்டும் நின்றுபோனது. அடுத்த மாதமே சுந்தரராஜன் காலமாக, கேட்க வேண்டுமா? வயது எழுபது என்பதை மறந்துவிட்டு, சாபம் என்று கிளம்பிவிட்டார்கள்.

பாம்புக் கதை அதற்கும் பழசு. எமிலி கில்கிறிஸ்ட் ஹாட்ச் என்ற அம்மையார் 1933ல் வெளியிட்ட திருவிதாங்கூர் வழிகாட்டி நூலிலேயே, நிலவறையைத் திறக்கப் போனவர்கள் நாகங்களைக் கண்டு ஓடிவந்ததாக எழுதியிருக்கிறார். 2011க்குப் பிறகு இதற்குக் கையும் காலும் முளைத்தது. கதவில் நாகபந்தம் போட்டிருக்கிறதாம். கருட மந்திரத்தைப் பிசகாமல் சொன்னால்தான் திறக்குமாம்.

இப்போது விளையாட்டு. புதிர் விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டி என்று 'அட்வென்ச்சர்' விளையாட்டைச் சொல்லலாம். குகைகளுக்குள் இறங்கித் திரிவதில் பைத்தியமான வில் கிரவுதர் என்ற புரோகிராமர், கென்டக்கியின் மேமத் குகையை வைத்து 1976 வாக்கில் எழுதியது. மறு வருடம் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்கினார். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். அதில் ஒரு மண்டபத்தில் பெரிய பச்சைப் பாம்பு வழியை மறிக்கும். என்ன செய்தாலும் நகராது. கூண்டில் பிடித்து வைத்த குருவியைத் திறந்துவிட்டால் அது பாம்பை விரட்டிவிடும்!

பாம்புக்குப் பறவை. நம்ம கருடன் கணக்கேதான் :-)

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அந்தக் குருவியும் கூண்டும் நீங்கள் ஏற்கெனவே கடந்துவந்த வழியிலேயே இருக்கின்றன. குகையில் ஒரு மந்திரச் சொல்லும் உண்டு, அதையும் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பூட்டைச் செய்தவனே சாவியையும் உங்கள் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தோற்றால் 'கவனிக்காமல் விட்டோமே' என்று நம் மேல்தான் கோபம் வரும். 1993ல் வந்து பல லட்சம் பிரதிகள் விற்ற 'மிஸ்ட்' வரைக்கும் இதே ஒப்பந்தம்தான். ஆளில்லாத தீவு, விதிமுறை சொல்லித்தர யாருமில்லை. ஆனால் ஒவ்வொரு பொறிக்கும் விடை அங்கேயே இருக்கும் என்று நம்பித்தான் ஜனங்கள் நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

இந்த ஒப்பந்தம் நமக்குப் புதிதில்லை. தண்டியலங்காரம் சித்திரகவிகளைப் பட்டியல் போடும்போது அதில் ஒன்றின் பெயரே நாகபந்தம்! பின்னிக்கொண்ட இரண்டு பாம்புகளின் உடம்பில் செய்யுளை எழுத்தெழுத்தாக நிரப்புவது. உடல்கள் குறுக்கிடும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொது. தலையிலிருந்து வால்வரை வழி பிடித்துப் படித்தால் பாட்டு கிடைக்கும். கட்டியவர் அவிழ்க்கவும் வழி வைத்த கட்டு அது.

கோவில் கதவில் அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை. அதைப் புதிராக யாரும் நமக்குச் செய்து வைக்கவில்லை. உச்சநீதிமன்ற உத்தரவின் பேரில் தணிக்கை செய்த வினோத் ராய், அந்த அறை 1990க்குப் பிறகு ஏழு முறை திறக்கப்பட்டதாக அறிக்கை கொடுத்தார். அரச குடும்பத்தினர், திறந்தது முன்னறையைத்தான், உள்ளறையை அல்ல என்றார்கள். 2020 ஜூலை 13 தீர்ப்பில் நீதிமன்றம் அந்த முடிவைக் கோவில் குழுக்களிடம் விட்டுவிட்டது. இங்கே கேள்வி மந்திரம் யாருக்குத் தெரியும் என்பது இல்லை. யார் எப்போது உள்ளே போனார்கள், அதற்குக் கணக்கு இருக்கிறதா, கோவில் சொத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான். பாம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கணக்குப் புத்தகத்தைக் கேட்க ஆள் இருக்காது.

புதிர் விளையாட்டு ஏன் இப்படி இழுக்கிறது என்பதற்கும் விடை இதுதான் என்று தோன்றுகிறது. ஊர் உலகத்தில் பாதிக் கதவுகளுக்குச் சாவி எங்கே என்றே தெரியாது. இருந்தாலும் நம் கைக்கு வராது. விளையாட்டில் மட்டும், எவ்வளவு கஷ்டமான பூட்டாக இருந்தாலும், அதைச் செய்தவன் நாம் திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான்.

அதனால் பையன்களுக்கு நான் சொல்கிற பதில்: "இன்னும் இல்லப்பா. அது விளையாட்டு இல்ல, வழக்கு."