இரண்டாண்டுப் பாலம்: தாம்பரத்தில் பௌதிகம் படித்தவர்கள்

அமெரிக்காவில், சிகாகோவுக்கு அருகே ஜோலியட் என்றோர் ஊர் உண்டு. 1901-ஆம் ஆண்டில் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஆறு மாணவர்கள் கல்லூரிப் பாடங்களைப் படிக்கத் தொடங்கினார்கள். முதல் இரண்டு ஆண்டுப் படிப்பைச் சொந்த ஊரிலேயே குறைந்த செலவில் முடித்துக்கொண்டு, எஞ்சியதைப் பல்கலைக்கழகத்தில் தொடரலாம் என்பதே ஏற்பாடு. இன்று சமுதாயக் கல்லூரி எனப்படுவது இவ்வாறு பிறந்ததுதான்.

நம் நாட்டில் இத்தகைய முறை இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, இன்டர்மீடியட் என்பது அதன் பெயர். பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர், அருகிலுள்ள நகரத்துக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் கணிதம், பௌதிகம், ரசாயனம் பயில்வார். அந்த இரண்டாண்டுகளை மட்டுமே நடத்திய சிறு கல்லூரிகளும் இருந்தன. பிறகு பட்டப் படிப்புக்காக மாணவர் வேறு ஊர் செல்வார். அவ்வாறு பலர் வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்று தாம்பரம்.

காட்டில் ஒரு கல்லூரி

1837-இல் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நூறு ஆண்டுகள் நகரத்தின் நெரிசலில் இயங்கியபின், 1937-இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. புதர்க்காடாக இருந்த இடத்தில் மரங்களை நட்டு வளர்த்தவர்களுள் முக்கியமானவர் எட்வர்டு பார்ன்ஸ். அவர் தாவரவியல் ஆசிரியர் அல்லர், ரசாயனப் பேராசிரியர்!

பிற்காலத்தில் இந்திய அணுசக்தித் துறையை வழிநடத்திய ராஜா ராமண்ணா, பெங்களூரில் இன்டர்மீடியட் முடித்து இங்கு வந்தவர். 1945-இல் பௌதிகப் பட்டம் பெற்றார். தலைமைத் தேர்தல் ஆணையராகப் புகழ்பெற்ற டி. என். சேஷன், பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தவர். 1950-களின் தொடக்கத்தில் தாம்பரத்தில் பௌதிகம் பயின்று, சில காலம் அங்கேயே கற்பிக்கவும் செய்தார்.

வெர்னியர் சொல்லும் பாடம்

இந்த இரண்டு ஆண்டுகளுக்கு ஏன் இத்தனை மதிப்பு? ஓர் எடுத்துக்காட்டுப் பாருங்கள். வெர்னியர் அளவியைக் கொண்டு ஒரு கோளத்தின் விட்டத்தை 0.1 மில்லிமீட்டர் வரை அளக்கிறீர்கள். பட்டப் படிப்பில் நிறமாலைமானியின் முன் அமரும்போது, அதன் வட்ட அளவுகோலிலும் அதே வெர்னியர்தான் இருக்கும். இங்கே அது கோணத்தை ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு வரை காட்டும். அந்தக் கோணத்திலிருந்து, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 589 நானோமீட்டர் என்று கணக்கிடலாம். முதற்படியில் கை பழகாதவருக்கு இரண்டாம் படியில் கருவியே புதிராகிவிடும். பௌதிக அறிவியல்கள் ஏணிப்படிகளைப் போன்றவை. நடுவில் ஒரு படியை விட்டுவிட முடியாது.

பாலம் இன்று எங்கே?

1950-களின் பிற்பகுதியில் இன்டர்மீடியட் மறைந்து, ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. 1978-இல் அதுவும் போய், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் தோன்றின. வீட்டை விட்டுக் கல்லூரி தேடிச் செல்ல இயலாதவருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், இதனால் வழி திறந்தது. ஆனால் கல்லூரி ஆய்வுக்கூடம் செய்துவந்த வேலை பள்ளி ஆய்வுக்கூடத்தின் மேல் விழுந்தது.

1990-களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. அவை பெரும்பாலும் தொழில் திறன்களைக் கற்பிப்பவை. அதுவும் தேவையான பணியே. ஆயினும் பட்டப் படிப்புக்குச் செல்லும் பழைய இரண்டாண்டுப் பாலம் இன்று உங்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள்தாம்.

ஆகவே, மாணவ நண்பர்களே, செய்முறைக் குறிப்பேட்டில் அடுத்தவரின் அளவீட்டைப் பார்த்து எழுதாதீர்கள். ஒரு முறைக்கு மூன்று முறை நீங்களே அளந்து பாருங்கள். பள்ளியின் ஆய்வுக்கூடம் பூட்டியே கிடந்தால், திறந்துவிடும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.