பேசுவது யார், விமானியா நடிகரா? கனடாவில் விசாரணை வரை போன ஒரு போர்ப்படம்

முதல் உலகப் போர் விமானிகளைப் பற்றிய ஒரு படத்தை இணையத்தில் பார்க்கிறீர்கள். கறுப்பு வெள்ளைக் காட்சிகள். மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய விமானங்கள். நடுவில் ஒருவர் கேமராவைப் பார்த்து, "நான் அங்கேதான் இருந்தேன்" என்கிற தோரணையில் பேசுகிறார்.

அவர் நிஜமாகவே அங்கு இருந்தவரா? இல்லை, நடிகரா?

இந்தக் கேள்வி கனடாவில் செனட் சபை வரைக்கும் போயிருக்கு.

ஏன் நடிக்க வேண்டியிருக்கிறது?

ஆவணப்படத்தையும் நாடகத்தையும் கலந்து எடுப்பதுதான் டாக்குடிராமா. நடந்த சம்பவத்தை நடிகர்களை வைத்து மறுபடியும் நடத்திக் காட்டுவார்கள்.

ஆரம்பகால வான்போரைப் பற்றிப் படம் எடுப்பவர்களுக்கு வேறு வழியும் குறைவு. அன்றைய சினிமா கேமரா கனமானது. பெரும்பாலும் கையால் சுற்ற வேண்டும். ஆகாயத்தில் இரண்டு விமானங்கள் சண்டை போடுவதைப் பக்கத்திலிருந்து பதிவு செய்வது ஏறக்குறைய முடியாத காரியம். படச்சுருளில் ஒலியும் கிடையாது. பழைய காட்சியில் இன்ஜின் உறுமல் கேட்குதா? அது பின்னால் சேர்த்ததுதான்.

புகைப்படத்திலும் ஏமாந்திருக்கிறார்கள். பெயர் சொல்லாத ஒரு விமானி எடுத்ததாகச் சொல்லி, 1933-இல் வான்சண்டைப் படங்களோடு ஒரு புத்தகம் வந்தது. எல்லாம் பொம்மை விமானங்கள்! எடுத்தவர் வெஸ்லி ஆர்ச்சர், சினிமாவுக்கு மாதிரிகள் செய்தவர். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அரும்பொருளகம் அந்தக் குட்டை உடைத்தது 1980-களில்தான்.

சரி, கனடாவில் என்ன நடந்தது?

பில்லி பிஷப் கனடாவின் புகழ்பெற்ற போர் விமானி. அவர் கணக்கில் 72 வெற்றிகள். 1917 ஜூன் 2, விடியற்காலையில் தனியாகப் பறந்துபோய் ஒரு ஜெர்மானிய விமானத்தளத்தைத் தாக்கி, மூன்று விமானங்களை வீழ்த்தியதாக அவர் அறிக்கை கொடுத்தார். அதற்காக பிரிட்டனின் ஆக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஆனால் நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லை.

1982-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 'த கிட் ஹூ குடன்ட் மிஸ்' என்ற படத்தை வெளியிட்டது. இயக்கியவர் பால் கோவன். பழைய காட்சிகளோடு, பிஷப்பைப் பற்றிய பிரபல மேடை நாடகத்தின் பகுதிகளையும் சேர்த்திருந்தார். அதில் பிஷப்பின் மெக்கானிக் வால்டர் போர்ன், அந்தத் தாக்குதல் நடந்ததையே சந்தேகிக்கிற மாதிரி பேசுவார்.

பேசியவர் போர்ன் இல்லை, நடிகர். வசனமும் போர்ன் சொன்னது இல்லை.

முன்னாள் வீரர்கள் கொதித்துப் போனார்கள். பிஷப் 1956-லேயே காலமாகிவிட்டார். அவரால் பதில் சொல்ல முடியாது. செனட்டின் துணைக்குழு ஒன்று விசாரித்தது. கடைசியில், இது உண்மையும் கற்பனையும் கலந்த டாக்குடிராமா என்ற அறிவிப்பு படத்தில் சேர்க்கப்பட்டது.

அப்போ பிஷப் சொன்னது உண்மையா?

அதை உறுதிப்படுத்தும் ஜெர்மானியப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஜெர்மனியின் ராணுவ ஆவணங்கள் ஏராளமாக இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டன; பதிவு இல்லாததை மட்டும் வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. 2002-இல் வரலாற்றாசிரியர் பிரெரட்டன் கிரீன்ஹவுஸ், அந்தத் தாக்குதல் கட்டுக்கதை என்று ஒரு புத்தகத்தில் வாதிட்டார். மறுக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

அதனால் படம் எழுப்பிய சந்தேகம் தப்பு இல்லை. கிரீன்ஹவுஸ் வாதத்தை நாம் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாழ்ந்த ஒருவரின் பெயரில் எழுதிய வசனத்தை எதோடு ஒப்பிடுவது? சந்தேகத்துக்குச் சாட்சியை உருவாக்கியதுதான் பிரச்சினை.

அடுத்த முறை இப்படி ஒரு படம் பார்த்தால், முடிந்ததும் உடனே மூடிடாதீங்க. கடைசியில் ஓடும் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்க. நேர்காணல் கொடுத்தவரின் பெயருக்கு எதிரே இன்னொருவர் பெயர் இருந்தால், நீங்கள் கேட்டது வசனம்.