காங்ரா பள்ளத்தாக்கின் உப்பு

குகட்பள்ளியிலிருந்து தார்நாகா பக்கம் போகிறவர்கள் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். அது முதலில் நம் நீலகிரிக் குன்னூரில் இருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ வைத்தியர் அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒற்றை அறையில் ஆரம்பித்தது. 1958-இல் ஹைதராபாத் வந்தது. நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த நிறுவனம் என்று நாம் சொந்தம் கொண்டாடலாம்.

மெக்கரிசனுக்குக் குன்னூருக்கு முன்பே தைராய்டு மேல் பித்து. வடக்கே கில்கிட் மலைக் கிராமங்களில் கழுத்து வீங்கியவர்கள் ஏராளம். அங்கத்துத் தண்ணீரில் படியும் வண்டலைத் தாமும் குடித்து, ஒப்புக்கொண்ட சிலருக்கும் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. காய்ச்சிக் கொடுத்தால் வீங்கவில்லை. ஆகவே இது அசுத்தத்தால் வரும் நோய் என்று முடிவு கட்டினார். அந்த முடிவு நிலைக்கவில்லை.

அதே குன்னூர்க் கூடத்தில் 1940களின் கடைசியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்தான் டாக்டர் வுளிமிரி ராமலிங்கசுவாமி. 1921-இல் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த தெலுங்கர்; விசாகப்பட்டினத்தில் வைத்தியம் படித்தவர். அவர் நோய்க்கூறியல்காரர், எண்டோகிரைனாலஜிஸ்ட் என்ற பலகை மாட்டிக்கொண்டவர் அல்ல. ஆனால் தைராய்டு விஷயத்தில் இந்தியாவுக்கு அவர் செய்ததற்கு ஈடாக இன்னொருவரைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

விஷயம் என்னவென்றால், தைராய்டு சுரப்பிக்கு அயோடின்தான் சரக்கு. சரக்கு குறைந்தால் தைராக்சின் உற்பத்தி குறையும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, கடைமுதலாளி மாதிரி, "இன்னும் செய், இன்னும் செய்" என்று விரட்டிக்கொண்டே இருக்கும். பாவம், அந்தச் சுரப்பி பெருத்துப் பெருத்துக் கழலையாகிவிடும். இமயமலைப் பக்கம் பனியும் மழையும் மண்ணிலுள்ள அயோடினை அடித்துக்கொண்டு போய்விட்டன.

இதை நிரூபிக்க 1956-இல் இமாசலத்துக் காங்ரா பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டார்கள். சுமார் ஒரு லட்சம் ஜனங்கள். மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு, நடுவில் உள்ளதற்குச் சாதா உப்பு. ஐந்தாறு வருஷத்தில் அயோடின் உப்பு தின்ற இரண்டு பகுதிகளிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் கழலை பாதியளவுக்கு இறங்கிவிட்டது. சாதா உப்புப் பகுதியில் இறங்கவேயில்லை. 1962-க்குப் பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள்.

அந்த ஆறு வருஷத்தில் நடுப்பகுதியில் பிறந்த குழந்தைகளை நினைத்தால் எனக்கு மனசு சங்கடப்படும். ஆனால் ஒப்பிட்டுக் காட்டாமல் டில்லி அசைந்திருக்காது என்பதும் மெய். அந்த 1962-லேயே தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. இதற்கிடையில் 1961-இல் சுப்பிரமணியன், தேவ் என்ற இருவரோடு சேர்ந்து லான்செட் இதழில், இமயக் கழலைக்குக் காரணம் அயோடின் பற்றாக்குறையே என்று எழுதினார்.

உப்பு வியாபாரிக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. நம் ஈரக் கல்லுப்பில் அயோடைடு சீக்கிரம் போய்விடும், அயோடேட் தாங்கும். ஆகவே இன்றுவரை அயோடேட்தான்.

திட்டம் இருபது வருஷம் நொண்டியது. கழலை ஏதோ அழகு சம்பந்தப்பட்ட சங்கதி என்று நினைத்தார்கள். 1980களில் எய்ம்ஸ் எண்டோகிரைனாலஜிஸ்ட் டாக்டர் என். கொச்சுப்பிள்ளை உத்தரப் பிரதேசத்து அடிவாரங்களில் பிறந்த சிசுக்களின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார். பிட்யூட்டரி விரட்டுகிற அளவை அதில் பார்த்துவிடலாம். பல சிசுக்களுக்குப் பிறக்கும்போதே தைராய்டு குறைவு. அதாவது மூளை வளர்ச்சியே ஆபத்தில்! அப்புறம்தான், 1983 வாக்கில், தனியார் உப்பளங்களுக்கும் அயோடின் உப்புத் தயாரிக்க வழி திறந்தது.

அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்க 1998-இல் தடை வந்தது, 2000-இல் நீக்கினார்கள், 2006-இல் மறுபடி வந்தது. சின்ன உப்பளக்காரர்கள் பிழைப்பைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் சேர்க்க ஆகிற செலவு சில காசுகள்தான்.

இப்போது நம் காலனி வாடிக்கையாளர்கள், அதிலும் பிள்ளைத்தாச்சிப் பெண் இருக்கிற வீட்டுக்காரர்கள், ஆரோக்கியம் என்று இந்துப்பு கேட்கிறார்கள். இமயமலை உப்பாம்! கழலை பெருத்ததே அந்த மலையடிவாரத்தில்தான் அம்மா என்று சொல்லி, சிரிக்கும் சூரியன் முத்திரை போட்ட பாக்கெட்டை எடுத்து வைப்பேன். மூடி போட்ட டப்பாவில் ஈரம்படாமல் வையுங்கள், கூடியமட்டும் சமைத்து இறக்குகிற நேரத்தில் போடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.