மஹிந்திரா தார்

தார், மஹிந்திரா அண்ட் மஹிந்திரா நிறுவனம் 2010 முதல் தயாரித்துவரும் ஜீப் வகை வண்டி. இதன் மூதாதை, 1940-களின் இறுதியில் அந்நிறுவனம் உதிரிபாகங்களாக வரவழைத்து பம்பாயில் கோத்து விற்ற வில்லிஸ் ஜீப். அந்த வழியில் பல மாடல்களைக் கண்டபின், 2010 அக்டோபரில் 2.5 லிட்டர் டீசல் என்ஜினுடன் முதல் தார் வந்தது. துணிக் கூரை, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. ஏர்பேக் இல்லை. வாங்கியவர்களில் பலர் அதை அப்படியே ஓட்டவில்லை. கூரை, டயர், பம்பர் என்று லட்சக்கணக்கில் செலவழித்து மாற்றிக்கொண்டார்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்தக் கலைக்கு முட்டுக்கட்டை விழுந்தது.

இரண்டாம் தலைமுறை தார் 2020 அக்டோபர் 2-இல் விற்பனைக்கு வந்தது. பொறியியல் பணியின் மையம் செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ஆராய்ச்சி நிலையம். உரிமையாளர்கள் வெளியே செய்துகொண்டதில் பலவற்றைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தது: கெட்டிக் கூரை, முன்னோக்கிய பின் இருக்கைகள். கூடவே ஆட்டோமேட்டிக் கியர், 150 குதிரைசக்தி டர்போ பெட்ரோல் என்ஜின். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் கிடைத்தது. பழைய ரசிகர்கள் சிலர் இதை ஜீப் ராங்ளரின் நகல் என்றார்கள். அந்த முணுமுணுப்பை அடியோடு தள்ளிவிட முடியாது. பழைய ஜீப் சாயலில் மஹிந்திரா அமெரிக்காவில் விற்ற ராக்ஸர் வண்டி, ஜீப்பின் தோற்ற உரிமையை மீறுகிறது என்று அதே 2020-இல் அந்நாட்டுச் சர்வதேச வர்த்தக ஆணையம் தீர்ப்பளித்திருந்தது.

போட்டியாளர்கள் இருவர். 2021-இல் புதுப்பிக்கப்பட்ட ஃபோர்ஸ் கூர்காவில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியல்களையும் ஓட்டுநரே லாக் செய்யலாம், 700 மி.மீ. ஆழத் தண்ணீரில் போகும். ஆனால் அப்போது 91 குதிரைசக்திதான். நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும். மாருதி ஜிம்னி 2023 ஜூனில் வந்தது. எடை சுமார் 1,200 கிலோ, அகலம் 1,645 மி.மீ. மணலில் புதையாமல் போகவும், சென்னை மயிலாப்பூரின் மாட வீதிகளில் இடிக்காமல் திரும்பவும் மூன்றில் இதுவே தோது. ஐந்து கதவுகள் இருந்தும் இந்தியாவில் சரியாக ஓடவில்லை. இங்கே தயாராகும் அதே வண்டிக்கு ஜப்பானில் 2025-இல் நான்கே நாளில் 50,000 ஆர்டர் குவிந்து முன்பதிவையே நிறுத்தினார்கள்.

காட்டுப்பாதைத் திறனில் கூர்காவும், லாகவத்தில் ஜிம்னியும் முந்தினாலும் சந்தையை எடுத்துக்கொண்டது தார். காரணம் மலையேற்றமல்ல, தினசரி ஓட்டம். 2023 ஜனவரியில் 1.5 லிட்டர் டீசலில், பின் சக்கரங்களை மட்டும் இயக்கும் தாரை 9.99 லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். 4 மீட்டருக்குள் நீளமும் 1.5 லிட்டருக்குள் டீசல் என்ஜினும் இருந்தால் வரி குறைவு. அந்தக் கணக்குதான் இந்த மாடல். ஃபோர் வீல் டிரைவ் இல்லாத தாரா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அடையாறிலிருந்து தி. நகருக்குப் போகிறவருக்கு அது போதும் என்பதே உண்மை. 2024-இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 முன்பதிவுகள் வந்ததாக நிறுவனம் அறிவித்தது.

சென்னையில் ஏற வேண்டிய மலை பரங்கிமலை. அதற்கும் நல்ல சாலை உண்டு. இங்கே உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகை மழைதான். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு இந்த வண்டிகளை ஒப்பிடும் பேச்சில் தண்ணீர் ஆழம் தவறாமல் வருகிறது. தாருக்கு நிறுவனம் சொல்லும் அளவு 650 மி.மீ., அதாவது முழங்காலுக்குச் சற்று மேல். தி. நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் மழை நீர் அதற்கு மேலும் தேங்கக்கூடும். அங்கே எந்த வண்டியானாலும் திருப்பிக்கொண்டு வேறு வழியில் போங்கள்.