பால்மரக் காட்டில் பசியாறிய வேளை

மலாயாத் தோட்டங்களில் விடியுமுன்பே பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டிய தொழிலாளிக்கு வீட்டில் அமர்ந்து பசியாற நேரமேது? வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே அதிகாலையிலேயே மரம் சீவினர். தூக்குச்சட்டியில் பழைய சோறும் வெங்காயமும், போத்தலில் வரக்காப்பியும் உடன் சென்றன. முதல்நாள் இரவே நீரூற்றி வைத்த சோற்றுக்குக் காலையில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. ஆறிப்போகுமே என்ற கவலையும் இல்லை. சீவி முடித்தபின், மங்குகளில் பால் சேரும்வரை கிடைத்த இடைவெளியே உண்ணும் வேளை. இதனை வெறும் ஏழையுணவு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தொழிலறிந்து அமைத்த உணவு அது.

வெளிநாட்டரிசியையே பெரிதும் நம்பியிருந்த மலாயாவில், 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியின்போது அரிசி அரிதாயிற்று. அதே தூக்கில் மரவள்ளிக்கிழங்கு வந்தமர்ந்தது. வயிறு நிரம்பியது, உடல் தேறவில்லை, ஏனெனில் அதில் புரதம் மிகக் குறைவு. அக்காலத்தைக் கண்ட முதியோருள் சிலர், பின்னாளில் அக்கிழங்கைத் தொடவே மறுத்தனர்.