ஐம்பொன் சிலைகளும் பழைய புகைப்படங்களும்

தஞ்சை வட்டாரக் கோயில்களிலிருந்து திருடப்பட்டுக் கடல் கடந்து போன சிலைகள் சில திரும்பி வந்திருக்கின்றன. அவற்றை மீட்டவர்கள் யார் என்று கேட்டால் காவல்துறை, நீதிமன்றம் ஆகியவற்றோடு சில கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சோழ நாட்டுச் செப்புத் திருமேனிகள் மெழுகு அச்சு முறையில் வார்க்கப்பட்டவை. முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். உடைந்த அச்சில் இன்னொரு சிலை வார்க்க முடியாது. எனவே ஒன்றைப் போல் இன்னொன்று இராது. வார்ப்பில் விழுந்த சிறு குழி, தலைமுறை தலைமுறையாக அபிஷேகத்தில் தேய்ந்த முகம், பீடத்தில் உள்ள நசுங்கல் எல்லாம் அந்தச் சிலைக்கே உரிய மச்சங்கள்!

புதுச்சேரியில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மறு ஆண்டு முதலே தமிழ்நாட்டுக் கோயில்களைப் படம் எடுக்கத் தொடங்கியது. இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. நோக்கம் ஆராய்ச்சிதான், திருடனைப் பிடிப்பது அல்ல. பூஜையில் இருக்கும் உற்சவர் பட்டும் மாலையும் சாத்தியே இருப்பார். அந்த நிலையில் படம் எடுத்தால் முகமும் கையும்தான் தெரியும். இந்தத் தொகுப்பிலோ பல சிலைகள் அலங்காரம் இல்லாமல், உடல் முழுவதும் தெரியும்படி எடுக்கப்பட்டுள்ளன. கலைநயம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த வெறுமையே பின்னால் சாட்சியாயிற்று.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் 2006-இல் களவு போனார். நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அவரை வாங்கியது. தொல்பொருள்களைக் காக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காகிதங்கள் சொல்லின. கோயிலில் எடுத்த பழைய படம் அந்தக் காகிதங்களைப் பொய்யாக்கிவிட்டது. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022-இல் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

தரங்கம்பாடி அருகே உள்ள அனந்தமங்கலத்தின் கதை இன்னும் நீளமானது. அங்குள்ள ராஜகோபாலசுவாமி கோயிலின் ராமர், லட்சுமணர், சீதை சிலைகள் 1978-இல் திருடப்பட்டன. 1958-இல் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான், அவை லண்டனில் இருப்பது உறுதியாயிற்று. 2020-இல் மூவரும் ஊர் திரும்பினர், 42 ஆண்டு வனவாசம்!

படத்தை அழகுபடுத்தும் ஆசை புகைப்படக் கலை அளவுக்கே பழையது. 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப், அதற்கு முன் பர்மாவில் எடுத்த காகித நெகட்டிவ்களில் வானம் வெறுமையாக இருந்ததால் தூரிகையால் மேகம் வரைந்தவர். அதே டிரைப், பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஓர் எழுத்தையும் மாற்றாமல் பதிவு செய்தார். மேகம் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, கல்வெட்டில் ஒரு கொம்பு போனால் பொருளே மாறிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பின்னாளில் ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவில் மை பூசிப் பின்னணியை மறைத்தார்கள். 1990-இல் போட்டோஷாப் வந்தது. 2002-இல் வெளியான அதன் ஏழாம் பதிப்பில், நல்ல பகுதி ஒன்றை மாதிரியாகக் காட்டிவிட்டு ஒரு தழும்பின் மேல் மவுஸைத் தேய்த்தால் சுற்றியுள்ள நிறத்தோடு இழைத்து மூடிவிடும் வசதி சேர்ந்தது. சுவாமிமலையில் புதிதாக வார்த்த சிலையை விற்பனைக்காக இப்படித் துடைத்துக் காட்டினால் குற்றமில்லை. பழைய சிலையின் ஆவணப் படத்தில் அதைச் செய்வது ஒருவருடைய கைரேகையை அழிப்பது போன்றது. நெகட்டிவ் மேல் படிந்த தூசியைத் துடைக்கலாம். ஆனால் அந்தப் புள்ளி தூசியா, சிலையில் உள்ள குழியா என்பதைக் கணினி அறியாது. எனவே கைபடாத மூலப் பிரதி ஒன்று கட்டாயம் தனியே இருக்க வேண்டும்.

கும்பகோணத்தை அடுத்த சுந்தரபெருமாள்கோயிலில் இந்த வேறுபாடு நன்றாகப் புரியும். அங்குள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் திருமங்கையாழ்வார் சிலை களவு போனதே நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. அசல் இருந்த இடத்தில் ஒரு நகல் நின்றது. 1957-இல் அங்கே எடுத்த படத்தில் உள்ளவர், ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் லண்டன் ஏலத்தில் வாங்கிய ஆழ்வார்தான் என்று ஓர் ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். சிலையைத் திருப்பித் தரும் கோரிக்கையை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2024-இல் ஏற்றுக்கொண்டது.