தக்க காரணம்: பாடசாலை வரவுச் சட்டங்களும் உழைக்கும் பிள்ளைகளும்

கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாடத்திட்டங்களையும் பரீட்சைகளையும் பாடசாலைகளை நிறுவிய பெரியார்களையுமே ஆராய்வர். ஆசிரியர் காலைதோறும் பெயர் கூப்பிட்டு அடையாளமிடும் வரவு இடாப்பினை வரலாற்று மூலமாகக் கொள்வோர் மிகச் சிலரே. ஆயினும், பிள்ளை பாடசாலைக்கு வந்தே ஆகவேண்டும் என்று அரசு எப்போது கூறத் தொடங்கியது, எக்காரணங்களுக்காக அது வராதிருக்கலாம் என ஒப்புக்கொண்டது என்னும் வினாக்களுக்கு விடை தேடுமிடத்து, அப்பிள்ளையின் உழைப்பு யாருக்கு வேண்டியிருந்தது என்பது அவ்விடாப்பிலேயே தெரியவருகின்றது. இங்கிலாந்தின் வரவுச் சட்டங்களையும், அந்நாட்டு ஆட்சியின் கீழ் இலங்கைப் பெருந்தோட்டங்களில் நிலவிய விதிகளையும் இந்நோக்கில் ஒப்பிட முற்படுகின்றது இக்கட்டுரை.

இங்கிலாந்தில் வரவுக் கட்டாயம் முதலில் எழுந்தது பாடசாலையில் அன்று, ஆலையில். 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் வேலைசெய்த 9 வயதுக்கும் 13 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் வேலைநேரத்தை வரையறுத்ததோடு, அவர்கள் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் பாடசாலையில் இருந்தமைக்கு ஆசிரியரின் சான்றிதழ் வேண்டும் எனவும் விதித்தது. சான்றிதழ் இன்றேல் பிள்ளையை வேலைக்கு வைத்திருத்தல் இயலாது. எனவே ஆலை முதலாளிக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது, கல்வி வேண்டியிருக்கவில்லை. எழுதத் தெரியாத ஆசிரியர்கள் புள்ளடியிட்டு வழங்கிய வரவுச் சான்றிதழ்களைப் பற்றிய செய்தியைத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளிலிருந்து எடுத்து, மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ முதற் பாகத்திற் பதிவு செய்துள்ளார். 1844ஆம் ஆண்டுச் சட்டம் அரைநேர முறையை நிறுவியது. 8 வயதுப் பிள்ளை நாளின் ஒரு பகுதியில் ஆலையிலும் மறு பகுதியில் பாடசாலையிலும் இருக்கலாம் என்றாயிற்று. இம்முறையை ஒழிக்கும் சட்டம் 1918இலேயே பிறந்தது. ஏழு தசாப்தங்களுக்கு மேலாகப் பிள்ளைகள் பாடசாலை வாங்கில் அமர்ந்து உறங்கினர் என்றாற் பிழையாகாது. (1953இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி கொணர்ந்த மூன்று மணிநேரத் தொடக்கக் கல்வித் திட்டமும், எஞ்சிய நேரத்தைப் பெற்றோரின் தொழிலுக்கு ஒதுக்கிய வகையில், இதன் தூரத்து உறவே. ‘குலக்கல்வி’ என மக்கள் அதனை எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது.)

இடையில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. றொபேட் லோ என்பாரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் 1862ஆம் ஆண்டின் திருத்திய விதிக்கோவை, பாடசாலைக்கு வழங்கும் நன்கொடையின் ஒரு பகுதியைச் சராசரி வரவின்மீதும், பெரும் பகுதியை வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றில் நடைபெறும் பரீட்சையின்மீதும் தங்கச் செய்தது. பிள்ளையின் வரவு பணமாயிற்று. மழையோ அறுவடையோ அம்மையோ வந்தால் ஆசிரியரின் வருவாயும் குறைந்தது. 1869இல் இலங்கையிற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்த பின்னர், பெறுபேற்றுக்கு ஏற்பக் கொடை வழங்கும் இம்முறை இங்கும் வந்துசேர்ந்தது.

1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வரவைக் கட்டாயமாக்கும் உரிமையை உள்ளூர்ப் பாடசாலைச் சபைகளுக்கு வழங்கியபோது, பிள்ளை வராமைக்கான ‘தக்க காரணங்கள்’ மூன்றினையும் வகுத்தது. வேறு வகையிற் போதிய கல்வி பெறுதல் ஒன்று. நோய் அல்லது தவிர்க்கமுடியாத பிற காரணம் மற்றொன்று. மூன்று மைலுக்குள் பாடசாலை இல்லாமை பிறிதொன்று. முதலாவது வீட்டாசிரியரை அமர்த்தும் வசதி படைத்தோருக்குப் பெரிதும் பயன்பட்டது. இரண்டாவதன் பொருளை நீதவானும் வரவு அலுவலரும் தத்தமக்கு வேண்டியவாறு விரித்தும் சுருக்கியும் கொண்டனர். தாய் வேலைக்குப் போகக் கைக்குழந்தையைப் பார்க்க நின்ற மூத்த மகளின் வராமை பெரும்பாலும் கண்டும் காணாமல் விடப்பட்டது. வீட்டு வேலையும் அவளுக்கு ஒரு கல்வியே என்று கருதியோர் அன்றைய அதிகாரிகளிடையே இருந்தனர்.

மூன்றாவது காரணமே என்னை அதிகம் சிந்திக்க வைப்பது. பாடசாலை தொலைவிலுள்ளது எனிற் பெற்றோர் தண்டனைக்குத் தப்புவர். பிள்ளையோ கல்வியின்றி நிற்கும். 1944ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தலைகீழாக்கியது. 8 வயதுக்குட்பட்டோர்க்கு இரண்டு மைல், ஏனையோர்க்கு மூன்று மைல் என நடைதூரத்தை வகுத்து, அதற்கு அப்பால் வாழும் பிள்ளைக்குப் போக்குவரத்தோ விடுதி வசதியோ வேறு தக்க ஏற்பாடோ உள்ளூர்க் கல்வி அதிகாரசபை செய்யாதவிடத்தே தூரத்தைப் பெற்றோர் காரணமாகக் காட்டலாம் என்றது. முன்னர் பெற்றோரின் சாட்டாக இருந்த அதே மூன்று மைல் அரசின் கடனாக மாறிற்று. இம்மாற்றம் தானாக வந்ததன்று. அதற்கிடையில் 1891இல் தொடக்கக் கல்வியின் கட்டணம் பெரும்பாலும் நீங்கியது, தொழிற்சங்கங்கள் வளர்ந்தன, தொழிலாளர் வாக்குரிமை பெற்றனர்.

இலங்கைப் பெருந்தோட்டங்களில் இவற்றுள் எதுவும் உரிய காலத்தில் நிகழவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 வயது முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் விட்டது. பிள்ளையின் உழைப்பைப் பெறுபவரே அதன் கல்விக்கும் காவலரானார். பத்து வயது என்னும் எல்லையையும் நோக்குக. இங்கிலாந்து 1880இல் கட்டாய வரவை 5 முதல் 10 வயது வரை வகுத்து, 1893இல் அதனை 11 ஆகவும் 1899இல் 12 ஆகவும் உயர்த்தியிருந்தது. தன் நாட்டிற் போதாதெனத் தள்ளிய வயதையே தோட்டப் பிள்ளைக்குப் போதுமென அவ்வாட்சி கருதியது. 1918இல் இங்கிலாந்தில் அவ்வெல்லை 14 ஆயிற்று. இலங்கையின் 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டமோ தோட்டங்களில் பத்தோடு நின்றது.

தோட்டத்தில் இடாப்புகள் இரண்டு இருந்தன. விடியற்காலைப் பிரட்டுக் களத்திற் பெயர் பதியும் செக்றோல் ஒன்று. பாடசாலை இடாப்பு மற்றொன்று. செக்றோலிற் ‘பேர்’ விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பாடசாலை இடாப்பிற் பெயர் விழாவிட்டால் லயத்திற் கேட்பார் அரிது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், பிள்ளை என மூவகைக் கூலியை வகுத்தமையால், பிள்ளை என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு கூலி வகையாகவே நிலைபெற்றது. கொழுந்து மிகுந்த காலத்திற் பத்து வயதுச் சிறுவன் மலைக்குப் போனால் அதற்கு லீவுக் கடிதம் எதற்கு? அவனைத் தேடவேண்டிய கட்டாயமே முந்திய நாளோடு முடிந்துவிட்டது. அவனுக்குத் ‘தக்க காரணம்’ என்ற சொல்லே தேவைப்படவில்லை.

கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. அதற்குமேற் படிக்க விரும்பிய பிள்ளை நகரப் பாடசாலைக்கு மலைப்பாதையிற் பல மைல் நடக்கவேண்டியிருந்தது. அதனைத் தன் கடனாக ஏற்ற அதிகாரசபை எதுவும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தமையால், அவ்வாறு ஏற்குமாறு வற்புறுத்தும் வலிமையும் அவர்களிடம் இல்லாதொழிந்தது. 1960-61இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு வரவைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் 1998இல் நடைமுறைக்கு வந்தன. 2016இல் மேல் எல்லை 16 ஆக உயர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கெனத் தனி வயதெல்லை இவ்விதிகளில் இல்லை. மூன்று மைலுக்கு அப்பால் வாழும் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்லும் செலவு யாருடையது என்னும் வினா மலையகத்தில் இன்னும் பெற்றோரின் வாசலிலேயே நிற்கின்றது.